சிகிச்சை முடியுமுன்பே மனநல வார்டிலிருந்து எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட்டிப் போனவர்கள்: உங்கள் அனுபவம்?

உசிலம்பட்டிக்காரன்:
பெரியப்பா மகன், தமிழ் வாத்தியார். பைபோலார், மனநிலை எல்லை மீறி ஏறி இறங்கும் நோய். தூக்கமில்லாமல் ஊரெல்லாம் கடன் வாங்கி, வகுப்புப் பிள்ளைகளுக்கு சைக்கிள் வாங்கித் தரக் கிளம்பியவர். மதுரையில் சேர்த்து, அதற்கான லித்தியம் மாத்திரை கொடுத்து, அப்போதுதான் கண்ணயர ஆரம்பித்திருந்தார். அதற்குள் பெரியம்மா "போதும்டா, வீட்டுக்குப் போவோம்" என்றார். வார்டில் துணைக்கு ஆள் இருந்தே ஆகவேண்டும். அண்ணிக்குக் கைக்குழந்தை, எனக்கு லீவு இல்லை. "எங்கள் சொந்த பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்" என்று எழுதினேன். அண்ணன் எட்டிப் பார்த்தார். பேனாவைப் பிடுங்கி நடுவில் ஒரு 'ப்' சேர்த்தார். "இப்பச் சரி, கையெழுத்துப் போடு" என்றார். போகலாமா என்று அவரை யாருமே கேட்கவில்லை. டூட்டி டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை தடுக்கக் கூடாதா?

நைட் டூட்டி சிஸ்டர்:
தடுத்தால் "காசுக்காகப் பிடித்து வைக்கிறார்கள்" என்பீர்கள், விட்டால் இப்படி. 2017 மனநலச் சட்டப்படி, தானாக வந்து சேர்ந்தவர் போகிறேன் என்றால் விடத்தான் வேண்டும். டாக்டருக்குச் சந்தேகம் இருந்தால் 24 மணி நேரம் வரை நிறுத்திப் பார்க்கலாம், அவ்வளவுதான். அவர் சம்மதம் இல்லாமல் சேர்ப்பதற்கு வேறு நடைமுறை. இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும், அதுவும் முதலில் 30 நாள் வரைதான்.
என் மனசில் நிற்பது ஒரு பெண். குரல் கேட்கிறது என்று வந்தவள். நிச்சயதார்த்தம் நெருங்கிவிட்டது, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று ராத்திரியோடு ராத்திரியாக எழுதிக் கொடுத்தார்கள். புறங்கையில் ஊசியை எடுத்துப் பஞ்சு வைத்தேன். அம்மாக்காரி பஞ்சைத் தள்ளிவிட்டு, பையிலிருந்த மஞ்சள்தூளைக் குழைத்து அந்தத் தடத்தின்மேல் தேய்த்தார். அந்தப் பெண் கையை எங்கள் இரண்டு பேர் நடுவில் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள்.

பரமக்குடி ரோடு:
சிஸ்டர், சட்டம் நோயாளி போவதைப் பற்றிப் பேசுகிறது. நீங்கள் இரண்டு பேரும் சொன்னது வீட்டார் கூட்டிப் போனது. அது வேறு, இது வேறு.
எங்கள் சித்தப்பாவை வார்டிலிருந்து நேரே ஏர்வாடிக்குக் கூட்டிப் போனார்கள். 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி அங்கே ஒரு காப்பகத்தில் சங்கிலியோடு 28 பேர் எரிந்து செத்ததெல்லாம் தெரிந்த வீடுதான். தர்காவை நான் குறை சொல்லவில்லை, நானும் போகிறவன்தான். மாட்டுத்தாவணியில் ராமநாதபுரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு சித்தப்பாதான் கேட்டார்: "மாத்திரைச் சீட்டு எங்க?" பதில் சொல்ல ஆளில்லை. எல்லாரும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்கள்.

திருமங்கலம் அக்கா:
என் மச்சானும் அப்படி வந்தவர்தான், பிறகு தேறிவிட்டார், அது கிடக்கட்டும். இனிமேல் யாராவது கூட்டிப் போவதானால் கேளுங்கள். எழுதிக் கொடுத்துப் போனாலும் டிஸ்சார்ஜ் சம்மரியும் மருந்துச் சீட்டும் கேட்டு வாங்குங்கள், சண்டை போட்டாவது. லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தாதீர்கள், நோய் முன்னைவிட வேகமாகத் திரும்பலாம். நம்ம ஊர் வெயிலில் உடம்பில் தண்ணீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். கை நடுங்கினால், வாந்தி பேதி வந்தால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள், ரத்தம் பார்ப்பார்கள். மூட்டுவலிக்கு மெடிக்கலில் கண்ட மாத்திரையை வாங்கிப் போடக் கூடாது. ஆள் தெளிவாக இருக்கும்போதே, தனக்காகப் பேச யார் என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி வையுங்கள், சட்டத்தில் அதற்கு இடமுண்டு. அவசரமென்றால் 14416, அரசு மனநல உதவி எண், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

உசிலம்பட்டிக்காரன்:
அக்கா, நான் கேட்டது வேறு. 14416 போனை எடுக்கும், சரி. வார்டில் ராத்திரி துணைக்கு யார் படுப்பது? அதற்கு ஒரு ஆள் கிடைத்திருந்தால் அந்தத் தாளையே எழுதியிருக்க மாட்டேன்.