புதுப்பிப்பு: தரம் 7 வகுப்புக்கு டப்லெட் வாங்கியாச்சு

28 பிள்ளைகள், பழைய மாணவர்கள் சேர்த்துத் தந்த கொஞ்சக் காசு, எந்த டப்லெட் வாங்கலாம் என்று போன தவணை கேட்டிருந்தேன். கடைசியில் 10 வாங்கினோம்.

2 ஜிபி ரேம் (டப்லெட் வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகம்; குறைந்தால் மெதுவாகும்) உள்ளதென்றால் அதே காசுக்கு 16 வாங்கியிருக்கலாம். ஆனால் யாழ்ப்பாணம் டவுனில் கடைக்காரரிடம் கேட்டு, அதில் விஞ்ஞானப் புத்தகத்தின் பிடிஎஃப்பைத் திறந்து பார்த்தேன். பக்கம் புரட்டினால் வெள்ளைத் திரை; நாலு விநாடி கழித்துத்தான் படம். அதற்குள் பிள்ளைகள் அடிபடத் தொடங்கிவிடுவார்கள். அதனால் 4 ஜிபி, மூன்று பேருக்கு ஒன்று. சண்டை வரும் என்று பயந்தேன். ஒருவர் தட்ட மற்ற இருவரும் பிழை பிடிக்கிறார்கள், அவ்வளவுதான்.

கோலிப்ரி என்ற இலவச மென்பொருளைச் சொன்னவருக்குப் பெரிய நன்றி. ஒரு கணினியில் பாடங்களைப் போட்டு வைத்தால், டப்லெட்டுகள் இணையம் இல்லாமலே அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். பழைய மடிக்கணினியில் போட்டு ரூட்டரோடு இணைத்தாச்சு; சிம்மும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம்.

சார்ஜ் போட்டால் வயர் எரியும் என்றார் ஒருவர். ஒன்றுக்கு 10 வாட் என்றால் பத்துக்கும் 100 வாட், பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. அடுக்கி வைக்கக் குசினித் தட்டு ராக்கையே போதும்.

கவர் வாங்காதது என் பிழை. முதல் கிழமையே ஒன்று சீமெந்துத் தரையில் விழுந்து மூலை வெடித்தது. இப்போது எல்லாவற்றின் மூலைக்கும் சைக்கிள் ரியூப் வெட்டி ஒட்டியிருக்கிறோம். பார்க்க வடிவில்லை, ஆனால் அதற்குப் பிறகு இரண்டு தரம் விழுந்தும் ஒன்றும் ஆகவில்லை.