2,500 ரூபாய்க்குள் முதல் ரன்னிங் ஷூ: அகலப் பாதம், கறுக்கும் நகம். எதை வாங்கலாம்?

ரேஸ்கோர்ஸ்84
வணக்கம். வயசு 36, எடை 84 கிலோ. மூணு வாரமா கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில ஓடறேன். வாரம் அஞ்சு நாள், தினம் 3 கி.மீ. இப்ப போடறது 900 ரூபாய் ஸ்போர்ட்ஸ் ஷூ, யூகே 8, உள்ளே மெத்துனு மெமரி ஃபோம். வலது பெருவிரல் நகம் கறுத்துட்டது. சுண்டுவிரல் ஓரத்துல கொப்புளம். ஓடி முடிச்சதும் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்போட உள்பக்கம் வலிக்குது. பட்ஜெட் 2,500, இழுத்தா 3,000. எந்த மாடல் வாங்கலாம்?

அடித்தோல்
மாடல் பேருக்கு முன்னாடி ஸ்கேலை எடுங்க. நகம் கறுக்கறதுக்கும் சுண்டுவிரல் கொப்புளத்துக்கும் பெரும்பாலும் மூலம் ஒண்ணுதான்: ஷூ நீளம் பத்தலை, முன்பக்கம் ஒடுக்கம். ஓடும்போது பாதம் முன்னால வழுக்கும், சூட்டுல கொஞ்சம் வீங்கும். கடையில நிக்கும்போது கச்சிதமா இருக்கற ஷூ மூணாவது கிலோமீட்டர்ல விரலை இடிக்கும்.

சாயங்காலம், ஓடற சாக்ஸைப் போட்டுக்கிட்டு, சுவரோரம் காகிதம் விரிச்சு, குதிகால் சுவரைத் தொடற மாதிரி நில்லுங்க. உக்காந்து அளக்கக்கூடாது, எடை ஏறினாத்தான் பாதம் முழுசா நீளும். எந்த விரல் நீளமோ (சிலருக்கு ரெண்டாவது விரல்) அதன் நுனியில பென்சிலை நேரா நிறுத்திக் கோடு போடுங்க. ரெண்டு காலையும் அளங்க, பெரிய காலோட அளவுதான் கணக்கு. அப்புறம் இப்ப இருக்கற ஷூவோட இன்சோலை (உள்ளே பாதம் படற மெத்தை) கழட்டி அதுமேல நின்னு, பாதம் ஓரத்துல வழியுதான்னு பாருங்க.

மிட்சோல்
மெமரி ஃபோம்ல ஏமாறாதீங்க. கடையில ரெண்டு நிமிஷம் நடந்து பார்க்க சுகமா இருக்கும், 84 கிலோ தொடர்ந்து ஏறினா அமுங்கித் தட்டையாயிடும். அடியை வாங்கறது அதுக்குக் கீழே, தரையில படற சோலுக்கு மேல இருக்கற நடு அடுக்கு, அதாவது மிட்சோல். ரன்னிங் ஷூன்னா குறைஞ்சபட்சம் அது ஈவா (EVA) நுரையா இருக்கணும். மலிவு ஷூ பலதுல அந்த இடத்துல அச்சுல வார்த்த பி.வி.சி.தான், கனமும் அதிகம், தரையில அடிக்கற அதிர்வு நேரா காலுக்கு ஏறும்.

கடையில இப்படிப் பாருங்க. மிட்சோல் பக்கவாட்டுல கட்டைவிரலால அழுத்தினா கொஞ்சம் உள்ளே போய் உடனே திரும்பணும். நுனியையும் குதியையும் பிடிச்சு மடக்கினா விரல் மடியற இடத்துல வளையணும். நடுவுல சப்பாத்தி மாதிரி மடிஞ்சா அந்த ஷூ வேண்டாம், வளையவே இல்லைன்னாலும் வேண்டாம். குதியைச் சுத்தி இருக்கற கப் அமுக்கினா நசுங்கக்கூடாது. யூகே 8-ல ஒத்தை ஷூ 250 முதல் 300 கிராம் வரைக்கும் இருக்கும். 350-ஐத் தாண்டினா ஓட்டத்துக்குக் கனம். அடியில குதியிலயும் முன்பக்கமும் ரப்பர் ஒட்டியிருக்கணும். வெறும் நுரை தரையில தேய்ஞ்சா சீக்கிரம் போயிடும். மிட்சோலுக்குள்ள கார்பன் பிளேட் (தகடு) வெச்ச ரேஸ் ஷூ பக்கமெல்லாம் போகவே வேண்டாம், அது வேற ஊர் கணக்கு.

மெதுஓட்டம்
முன்னெலும்பு வலியை ஷூ தலையில மட்டும் போடாதீங்க. பழக்கமில்லாத கால், கெட்டியான தரை, வாரம் அஞ்சு நாள். இதுவே போதும் அந்த வலிக்கு. மூச்சு மூணு வாரத்துல பழகிடும். எலும்பு பழக மாசக்கணக்கு ஆகும். வலி அடங்கற வரைக்கும் நடை மட்டும். அப்புறம் வாரம் மூணு நாள், நடுவுல ஒரு நாள் ஓய்வு: 1 நிமிஷம் ஓட்டம், 2 நிமிஷம் நடை, எட்டுத் தடவை. வாரத்துக்கு வாரம் ஓடற நேரத்தைக் கொஞ்சமா கூட்டுங்க. எலும்புல விரல் வைக்கற ஒரே இடத்துல சுருக்குனு வலிச்சாலோ, ராத்திரி படுத்தாலும் வலி போகலைன்னாலோ ஓட்டத்தை நிறுத்திட்டு எலும்பு டாக்டரைப் பாருங்க. அது ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சராகவும் (எலும்புல மெல்லிய விரிசல்) இருக்கலாம், எந்த ஷூவும் அதைச் சரிபண்ணாது.

ரேஸ்கோர்ஸ்84
அளந்தேன். இடது 26.4 செ.மீ., வலது 26.8. இன்சோல்ல சுண்டுவிரல் பாதி வெளிய நிக்குது. அப்ப யூகே 9 எடுத்தா போதுமா? தட்டைப் பாதம், பாதவளைவைத் தாங்கற ஆர்ச் இன்சோல் தனியா வாங்கணும்னு கடையில சொல்றாங்க, 1,500 ரூபாயாம். பெரிய பிராண்டோட ஃபர்ஸ்ட் காப்பி 1,200-க்குக் கிடைக்குது, அது பரவாயில்லையா?

அடித்தோல்
யூகே எண்ணை மட்டும் வெச்சு ஆர்டர் போடாதீங்க. ஷூ நாக்குல இருக்கற லேபிள்ல செ.மீ. இருக்கும், சிலதுல ஜே.பி.ன்னு (ஜப்பான் அளவு, அதுவும் செ.மீ. கணக்குதான்) போட்டிருப்பாங்க. ஆண்கள் ஷூவுல நைக்கி யூகே 8-ன்னா 27 செ.மீ., அடிடாஸ்ல அதே யூகே 8 வெறும் 26.5. உங்க 26.8-க்கு 27.5 எழுதினதுல ஆரம்பிங்க. நைக்கில அது 8.5, அடிடாஸ்ல 9. நின்னுக்கிட்டுப் பார்த்தா விரல் நுனிக்கு முன்னால ஒரு கட்டைவிரல் அகலம் காலியா இருக்கணும்.

அகலத்தை நீளத்துல தேடாதீங்க. ஒரு முழு சைஸ் ஏத்தினா நீளம் சுமார் 8.5 மி.மீ. கூடும், அகலம் அந்த அளவுக்குக் கூடாது, குதிகால்தான் லூசாகும். பெட்டியில 2இ அல்லது 4இ இருந்தா அதுதான் அகல அளவு, ஆண்களுக்குச் சாதாரண அளவு டி. கிடைக்கலைன்னா முன்பக்கம் மெல்லிய, இழுபடற வலைத்துணியா இருக்கறதைத் தேடுங்க. சுண்டுவிரல்கிட்ட கெட்டிப் பிளாஸ்டிக் பட்டை ஒட்டினது உங்களுக்கு ஆகாது.

இன்சோல் காசை மிச்சம் பிடிங்க. அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் பயிற்சி வீரர்கள்கிட்ட, பாதவளைவைப் பார்த்து ஷூ கொடுத்தா காயம் குறையுமான்னு சோதிச்சாங்க. 2009, 2010-ல வெளிவந்த முடிவுகள்ல குறையலை. போட்டு ஓடிப் பார்க்க எது சுகமோ அதை எடுங்க.

ஃபர்ஸ்ட் காப்பியில லோகோவையும் மேல்துணியையும்தான் காப்பி அடிப்பாங்க. மிட்சோல்ல என்ன இருக்குன்னு விக்கறவருக்கே தெரியாது.

மிட்சோல்
உங்க பணத்துக்கு டெகாத்லானோட ஆரம்பநிலை ஜோடிகளை முதல்ல போட்டுப் பாருங்க. முன்ன காலெஞ்சின்னு வந்தது, இப்ப கிப்ரன். ஆசிக்ஸ் ஜெல்-கன்டென்ட், நைக்கி ரெவல்யூஷன், அடிடாஸ் டுராமோ இதெல்லாம் எம்.ஆர்.பி.யில உங்க பட்ஜெட்டைத் தாண்டும், ஆனா அதே மாடல்ல அடுத்த எண் போட்ட புதுசு வந்ததும் பழைய எண்ணைத் தள்ளுபடியில தள்ளுவாங்க. 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜோடி 2,500 ரூபாய் வரைக்கும் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதுக்கு மேல 18. அதனால 2,500-ஐக் கொஞ்சமா தாண்டற விலை இருந்தா அதுல கூடுதல் வரியும் சேர்ந்திருக்கு.

பசை_பார்த்து
பழைய ஸ்டாக்குக்கு ஒரு எச்சரிக்கை. பெட்டியில தயாரிச்ச மாசம், வருஷம் அச்சடிச்சிருக்கும். ரெண்டு வருஷத்துக்கு மேலன்னா தள்ளுபடி எவ்வளவா இருந்தாலும் நான் விட்டுடுவேன். கிடங்குச் சூட்டுல பசை விட்டுப்போகும். பாலியூரித்தேன் சோலா இருந்தா நம்ம ஈரக்காத்துல பெட்டிக்குள்ளேயே உதிரும். ஈவாவுக்கு அந்த நோய் இல்லை. மேல்துணியும் சோலும் சேரற விளிம்பை விரலால பிரிச்சுப் பாருங்க. சாக்ஸ் காட்டன் வேண்டாம், வியர்வையைப் பிடிச்சு வெச்சுக் கொப்புளம் போடும். பாலியஸ்டர் அல்லது நைலான் கலந்தது எடுங்க.

ரேஸ்கோர்ஸ்84
27.5 எழுதின ஜோடி 2,299-க்கு எடுத்தாச்சு. விரல் எங்கயும் இடிக்கலை. ஆனா நடக்கும்போது குதிகால் லேசா ஏறி இறங்குது. மாத்திடவா?

அடித்தோல்
முதல்ல லேஸைக் கட்டிப் பாருங்க. மேல் ஓரத்துல, கடைசி ஓட்டைக்குக் கொஞ்சம் பின்னால தள்ளி ஒரு கூடுதல் ஓட்டை இருக்கும். லேஸைக் குறுக்கே கொண்டுபோகாம, அதே பக்கத்துல இருக்கற அந்த ஓட்டையில வெளியிலிருந்து உள்ளே விடுங்க. சின்ன வளையம் வரும். ரெண்டு பக்கமும் இப்படி. அப்புறம் ஒவ்வொரு நுனியையும் எதிர்ப்பக்க வளையத்துக்குள்ள நுழைச்சு, முன்னால இல்லாம கணுக்கால் பக்கம் கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்க. முன்பக்க லேஸ் தளர்வாவே இருக்கட்டும், உங்க அகலத்துக்கு அது தேவை. இதுக்கப்புறமும் குதி வழுக்கித் தூக்கினா பில்லோட போய் வேற வடிவத்துல மாத்திக்குங்க. அதுவரைக்கும் வெளித்தரையில போட்டுடாதீங்க, வீட்டுக்குள்ளயே நடந்து பாருங்க. சோல்ல மண் பட்டா திருப்பி எடுக்க யோசிப்பாங்க.