நடுவில் திறந்தால் தோல்வியா?

தாராவி செல்வம்: பித்தப்பைக் கல்லுக்குப் பயந்து தள்ளிப் போடாதீர்கள். லேப்ராஸ்கோபி, அதாவது சின்ன ஓட்டை வழியாகக் கேமரா விட்டுப் பித்தப்பையை எடுப்பது, பல் பிடுங்குகிற மாதிரி. 4 ஓட்டை, மறுநாள் வீடு. நடுவில் வயிற்றைக் கிழித்தார்கள் என்றால் அந்த டாக்டருக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

செம்பூர் சீனு: பல்லா? பித்தப்பை வீங்கி ஒட்டிக்கொண்டு கிடந்தால் எது எந்தக் குழாய் என்றே தெரியாது. தெரியாதபோது திறந்து பார்ப்பவர்தான் டாக்டர். கை வராதவர் தெரியாமலே வெட்டுவார். என் மனைவிக்குத் திறந்துதான் செய்தார்கள். 1 மணி நேரம் என்று உள்ளே போனவள் வெளியே வர 4 மணி நேரம். 17 கல். சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தது ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது, வந்து எண்ணிக்கொள்ளுங்கள்.

செல்வம்: கல் கணக்கா கேட்டேன்? கிழித்தார்களா, இல்லையா?

மாட்டுங்கா மைதிலி: எனக்கு ஓட்டைதான். வலது தோள்பட்டையில் 3 நாள் வலி, ஹார்ட் என்று நடுங்கிவிட்டோம். வயிற்றை உப்பவைக்க விடுகிற கார்பன் டை ஆக்ஸைடால் வருமாம். முன்கூட்டி ஒருத்தரும் சொல்லவில்லை. அப்புறம், எண்ணெய்ப் பலகாரம் எப்போதிலிருந்து சாப்பிடலாம்?

சீனு: தோள்வலி தானாகப் போய்விடும் மாமி. பித்தநாளம், கல்லீரலிலிருந்து பித்தம் இறங்குகிற குழாய், வெட்டுப்பட்டால் போகுமா? மஞ்சள் காமாலை, மறுபடி ஆபரேஷன், குடலை இழுத்துத் தைக்க வேண்டும். ஓட்டை வழியில் ஆயிரத்துக்கு 3 முதல் 5 பேர் வரை. திறந்து செய்வதில் ஒன்றிரண்டுதான். அதனால்தான் சொல்கிறேன், திறப்பது தோல்வி இல்லை.

செல்வம்: ஆயிரத்துக்கு மூன்று பேருக்கா இந்தக் கூப்பாடு! காலை 9 மணி லோக்கல் ரயிலில் ஏறிப் பாருங்கள் சார், ஆபத்து தெரியும்.

அந்தேரி பாலு: இந்தியாவிலேயே இந்த ஓட்டை ஆபரேஷனை முதலில் செய்தது நம் பம்பாய்தான். 1990, ஜே.ஜே. ஆஸ்பத்திரி, டாக்டர் உத்வாடியா. சும்மாவா!

செல்வம்: உலகத்தில் முதலில் ஜெர்மனி. 1985, எரிக் மியூஹே. உடனே பம்பாய்க் கொடியைத் தூக்காதீர்கள்.

பாலு: நான் இந்தியா என்றுதானே எழுதினேன்? கண்ணாடி போட்டுப் படியுங்கள்.

சீனு: யார் முதல் என்பதா பேச்சு? திறப்பது தோல்வி இல்லை. பொங்கல் விழாக் கணக்கு கேட்டபோதும் செல்வம் இப்படித்தான் பேச்சை மாற்றினார்.

செல்வம்: கணக்கு அன்றைக்கே கொடுத்தாயிற்று. 340 ரூபாய் பாக்கி உங்களிடம்தான்.

மைதிலி: எண்ணெய் பற்றி யாராவது சொல்லுங்களேன்.

சீனு: 340 இல்லை, 240. ரசீது வைத்திருக்கிறேன். திறப்பது தோல்வியும் இல்லை.

செல்வம்: கிழித்தார்களா, இல்லையா?