பொதுச் சேவை நிர்வாகத்தில் பயனாளிகளின் குரல்

கேள்வி: மருத்துவமனை, குடிநீர் போன்ற பொதுச் சேவைகளின் நிர்வாகக் குழுக்களில் பயனாளிகளைச் சேர்த்தாலும், முடிவுகள் முன்பே எடுக்கப்பட்டுவிடுகின்றன என்றால், அந்தப் பங்கேற்பை உண்மையானதாக்குவது எது?

மறுமொழி 1: அதிகாரம்தான். இங்கிலாந்தில் 2004 முதல் செயல்படும் ஃபவுண்டேஷன் டிரஸ்ட் என்ற தன்னாட்சிப் பொது மருத்துவமனைகளில், பொதுமக்களும் பல இடங்களில் நோயாளிகளும் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் பெரும்பான்மையாக உள்ள, நிர்வாகத்தை மேற்பார்வையிடும் ஆளுநர் அவைக்கு, நிர்வாகக் குழுத் தலைவரை நியமிக்கவும் நீக்கவும் சட்டப்படி உரிமை உண்டு. வெறும் கருத்துக்கேட்புக் கூட்டம் இதற்கு ஈடாகாது.

மறுமொழி 2: உரிமை மட்டும் போதாது என்பது என் உறுதியான கருத்து. கணக்கறிக்கைகள் எளிய மொழியில் முன்கூட்டியே கிடைக்காமல், வேலையை விட்டு வருபவருக்கு ஊதிய இழப்பும் ஈடுசெய்யப்படாமல் இருந்தால், வசதியும் ஓய்வும் உள்ளவர்களே அந்த இருக்கைகளை நிரப்புவார்கள். சேவையை அதிகம் நம்பியிருப்பவர்கள் வெளியிலேயே நிற்பார்கள்.

மறுமொழி 3: பணத்தின் மீதான அதிகாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989-இல் தொடங்கிய பங்கேற்பு வரவுசெலவுத் திட்டத்தில், நகராட்சியின் முதலீட்டு முன்னுரிமைகளைக் குடியிருப்பாளர்களே விவாதித்து வகுத்தார்கள்.