‘பெக்ஸ்னிஃபியன்’ என்றால் வெறும் போலித்தனம்தானா?

சொல்தேடி:
ஆங்கிலத் தலையங்கம் ஒன்றில் ஓர் அமைச்சரின் பேச்சை ‘பெக்ஸ்னிஃபியன்’ என்று சாடியிருந்தார்கள். கையிலிருக்கும் அகராதி ‘போலித்தனமான’ என்பதோடு முடித்துக்கொள்கிறது. அதற்கு ‘ஹிப்போக்ரிட்டிகல்’ போதாதா? எங்கிருந்து வந்தது இது?

பழையதாள்:
ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1843 ஜனவரியிலிருந்து 1844 ஜூலை வரை மாதாமாதம் எழுதிய ‘மார்ட்டின் சஸ்ஸில்விட்’ நாவலில் வரும் சேத் பெக்ஸ்னிஃப்தான் மூலவர். இங்கிலாந்தின் சால்ஸ்பரி பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் கட்டடக் கலைஞர். ஆனால் இதுவரை ஒரு கட்டடமும் கட்டியதில்லை! மாணவர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு வீட்டில் தங்கவைத்து, சால்ஸ்பரி கதீட்ரலை (பேராலயத்தை) எல்லாப் பக்கத்திலிருந்தும் வரையவிடுவார், பிழைப்பே அதுதான். அவரிடம் படித்த மார்ட்டின் போட்ட பள்ளிக்கூட வரைபடத்தில் நாலு ஜன்னலை மட்டும் சேர்த்துத் தன் படைப்பாக்கி, அடிக்கல் விழாவில் கைதட்டலும் வாங்கிக்கொள்வார். வாயைத் திறந்தால் அறம், அன்பு. மகள்களின் பெயர்கூட சாரிட்டி (ஈகை), மெர்சி (கருணை). ஊருக்கு வழி சொல்லும், தான் அங்கே போகாது என்பதால் சிலர் அவரைக் கைகாட்டி மரம் என்பார்களாம்; டிக்கன்ஸே எழுதுகிறார்.

நடுப்பக்கம்:
சொன்னபடி நடக்காதவரெல்லாம் பெக்ஸ்னிஃப் இல்லை. புகைக்காதே என்று சொல்லிவிட்டுப் புகைக்கும் டாக்டர் ‘ஹிப்போக்ரிட்டிகல்’, அவ்வளவுதான். தேனொழுகும் நீதிபோதனையும் அதற்கடியில் சொந்த லாபக் கணக்கும் சேர்ந்தால்தான் இந்தச் சொல் பொருந்தும். ‘சாங்க்டிமோனியஸ்’ என்பதில் ‘உன்னைவிட நான் சுத்தம்’ என்ற மிதப்பே போதும், ஆதாயம் கட்டாயமில்லை. பலர் குழப்பிக்கொள்ளும் இன்னொருவர், டிக்கன்ஸின் ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ நாவலில் வரும் யூரியா ஹீப். அவர் நடிப்பது பணிவு. பெக்ஸ்னிஃப் நடிப்பது நல்லொழுக்கம்.

பழையதாள்:
சரியான பிரிப்பு. எழுதும்போது முதல் எழுத்து பெரிய எழுத்தில் வரவேண்டும். உச்சரிப்பில் அழுத்தம் ‘ஸ்னிஃப்’ மேல். பேச்சு, தொனி, அறச்சீற்றம் போன்ற சொற்களுக்கு முன்னால் நன்றாக உட்காரும். ஆளைச் சொல்ல ‘ஒரு பெக்ஸ்னிஃப்’ என்றாலே போதும். பொதுவாசகருக்கு எழுதினால் தவிர்த்துவிடலாம். நாவல் தெரியாதவருக்குக் குத்து உறைக்காது.

சொல்தேடி:
நன்றிங்க. தமிழில் ‘ஊருக்கு உபதேசம்’ என்று போட்டால் சரியா?

நடுப்பக்கம்:
பாதிதான். அதில் சுரண்டல் வரவில்லை. ‘படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்’ இன்னும் கிட்டத்தில் வரும். பெயரடையாகவே வேண்டுமென்றால் ‘அறவேடம் பூண்ட’ என்று எழுதுங்கள்.