ஏ.எல். சித்திரம்: கலை வரலாறு படிப்பிக்க ஒருவர் தேவை

வணக்கம். மகள் இந்த முறை ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எடுக்கிறா. கீறுறதில பயமில்லை, கலை வரலாறுதான் இடிக்குது. கையில இருக்கிற நோட்ஸ் எல்லாம் போட்டோக் கொப்பி. பொலன்னறுவைக் கல் விகாரையில் கிடக்கிற புத்தரும் பக்கத்தில் நிற்கிற சிலையும் ஒரே கறுப்பாய்க் கிடக்கு. சிகிரியாச் சுவரோவியப் பெண்களின் மஞ்சளும் காவியும் இதில எப்படி விளங்கும்? மைக்கலாஞ்சலோ வத்திக்கான் சிஸ்டைன் தேவாலய விதானத்தில் ஓவியம் வரைந்தது 1508 தொடக்கம் 1512 என்று பாடமாக்கி வைச்சிருக்கிறா. படத்தைக் காட்டி, "இதில என்ன தெரியுது, சொல்லு பார்ப்பம்" என்று கேட்கத்தான் ஆளில்லை.

திருகோணமலையில் உவர்மலை, உப்புவெளிப் பக்கம் தமிழில் படிப்பிக்கிற ஆசிரியர்கள், மட்டக்களப்பு விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்த பிள்ளைகள் யாரையும் தெரிந்தால் சொல்லுங்கோ. சனி, ஞாயிறு வசதி. நேரில் வந்தால் நல்லது, இல்லாட்டி சூமிலும் பரவாயில்லை. வர்ணப் படமுள்ள பழைய புத்தகம் இருந்தாலும் இரவல் தாங்கோ, பத்திரமாய்த் திருப்பித் தருவம்.