கரைவலையிலிருந்து ஓர் ஆடைத் தொகுப்பு: துணி முதலா, உடுப்பு முதலா?

உப்புவெளி மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஆடை வடிவமைப்புப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். துணியையும் நாங்களே உருவாக்கி, அந்தத் துணியில் ஆறு உடைகள் கொண்ட ஒரு தொகுப்பைச் செய்து காட்ட வேண்டும் என்பது இவ்வாண்டுக்குரிய வேலை. திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவள் என்பதால், கடலில் விரித்துக் கரையிலிருந்து இழுக்கும் கரைவலையையே கருவாக எடுத்துக்கொண்டேன். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வலை இழுப்பதையும், பின்னர் நிழலில் அமர்ந்து கிழிந்த வலையைப் பொத்துவதையும் படம் பிடித்தும் வரைந்தும் ஒரு கொப்பியை நிரப்பிவிட்டேன். நிறங்களும் ஓரளவுக்குத் தீர்மானமாகிவிட்டன: ஈர மணலின் மங்கல் பழுப்பு, பழைய கயிற்றின் சாம்பல், விடியற்காலைக் கடலின் கருநீலம்.

ஆனால், கொப்பியைப் பார்த்த விரிவுரையாளர், படங்கள் நன்றாக இருக்கின்றன என்றும் துணியை இன்னும் காணவில்லை என்றும் சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதான். துணியை முதலில் செய்துவிட்டு அதற்கேற்ற உடுப்பை யோசிப்பதா, அல்லது ஆறு உடுப்புகளையும் வரைந்து முடித்துவிட்டு அவற்றுக்கான துணியைத் தேடுவதா என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. கழித்துப்போட்ட நைலோன் வலையைப் பருத்தித் துணியின்மேல் வைத்துத் தைக்கலாம் என்றும் ஓர் எண்ணம் உண்டு. சாயமிட்ட துணியைக் கடல்நீரில் ஊறவைத்தால் நிறம் நிலைக்கும் என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள், அது உண்மையா? கைத்தறி தெரிந்தவர்களும் தையல் தெரிந்தவர்களும் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பாவுநூல் எழுதியது:

தங்கச்சி, கரைவலையைப் படமாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு பக்கமும் நீளும் சிறகுகளில் கண்கள், அதாவது வலையின் துளைகள், பெரிதாக இருக்கும். மடியை நெருங்க நெருங்கக் கண் சிறுத்துக்கொண்டே வந்து, மீன் வந்து சேரும் மடியில் மிக நெருக்கமாகிவிடும். மீனை வெருட்டி உள்ளே ஒதுக்குவதற்குப் பெரிய கண் போதும், பிடித்து வைப்பதற்குத்தான் சிறிய கண் வேண்டும் என்பதே இதற்குக் காரணம். தொழில் தெரிந்தவர்கள் வலைக்குள் வைத்த இந்த ஒழுங்கு உங்கள் படங்கள் எதிலும் விழுந்திருக்காது. உங்களுடைய துணிக்குரிய விடயம் அதுதான் என்பது என் எண்ணம்.

இதைத் தறியில் கொண்டுவரலாம். நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும், சீப்புப் போன்ற பண்ணையில் சில பற்களை வெறுமையாக விட்டு நெய்தால் இடைவெளி விழும் என்று உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். தறியில் விறைப்பாக இருக்கும்வரை அது வலையைப் போலவே தோன்றும். இறக்கி ஒருமுறை கழுவியவுடன் இழைகள் நகர்ந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். இதைத் தவிர்க்க லீனோ என்ற நெசவு உண்டு. அதில் பக்கத்துப் பக்கத்துப் பாவு இழைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, குறுக்கே ஓடும் ஊடை இழையை இறுக்கிப் பிடிப்பதால், கண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இழை நழுவாது. அதற்கு அரைவிழுது (பாவு இழையைப் பக்கத்து இழைமேல் திருப்பிவிடும் நூற்கண்ணி) கட்டத் தெரிந்த ஒருவர் வேண்டும். எல்லாத் தறிக்காரர்களும் அதைச் செய்வதில்லை. கிழக்கில் இன்னும் கைத்தறி ஓடும் மருதமுனையில் விசாரித்துப் பாருங்கள்.

கண்ணின் அளவைத் துணியின் அகலத்தில் மாற்ற வேண்டுமானால் பண்ணையில் இழை கோக்கும்போதே தீர்மானித்துவிட வேண்டும். பிறகு மாற்ற முடியாது. நீளத்தில் மாற்றுவதோ, ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊடை போடுகிறோம் என்பதைக் கூட்டிக் குறைப்பதுதான். ஆகையால் ஒரேயொரு மாதிரிப் பாவை ஓட்டி, அதிலேயே ஊடையின் நெருக்கத்தையும் நூலின் தடிப்பையும் மாற்றி மாற்றி ஒவ்வொன்றிலும் ஒரு சாண் நெய்து பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய நினைத்து அகலக்கால் வைத்தால் நூற்செலவு கையைக் கடிக்கும்.

துணி முதலா, உடுப்பு முதலா என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. கீழ்விளிம்பில் பெரிய கண்ணாகத் தொடங்கித் தோளில் நெருக்கமாக முடியும் துணியை நெய்வதற்கு, அந்த உடுப்பின் நீளம் எவ்வளவு என்பது நெய்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதேநேரம், துணி எப்படி விழும் என்று தெரியாமல் நீங்கள் அந்த நீளத்தை முடிவுசெய்யவும் முடியாது. இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கேட்டுத்தான் வளரும். தறிக்காரரிடம் துணியின் அகலத்தையும் முதலிலேயே கேட்டு வையுங்கள். 45 அங்குலத் துணியை நினைத்து வரைந்த சட்டை 36 அங்குலத் துணியில் அடங்காது. நடுவில் ஒரு தையல் வந்தே தீரும்.

கத்தரிக்கோல் எழுதியது:

மேலே அண்ணா சொன்னதை நான் தையல் பக்கத்திலிருந்து தொடர்கிறேன். ஆடைத் தொழிற்சாலையின் மாதிரிப் பிரிவில் நெடுங்காலம் வேலை செய்தவள் நான். நெருக்கம் மாறும் துணி என்றால் சுருக்கமும் இடத்துக்கு இடம் மாறும்; இதை மாணவர்கள் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. நெருக்கமான பகுதி, நடுப்பகுதி, அகன்ற கண் பகுதி ஆகிய ஒவ்வொன்றிலும் 10 அங்குலச் சதுரம் ஒன்றை நூலால் அடையாளமிட்டு, மூன்று தரம் கழுவி, நிழலில் உலர்த்தி, நீளத்தையும் அகலத்தையும் தனித்தனியே அளந்து எழுதுங்கள். நீளத்தில் நூற்றுக்கு 5 பங்கு சுருங்கும் துணியில் 40 அங்குல நீளமான சட்டையை வெட்டினால், முதல் கழுவலுக்குப் பிறகு அது 38 அங்குலத்தில் வந்து நிற்கும். மேல் ஒரு விதமாகவும் கீழ் இன்னொரு விதமாகவும் சுருங்கினால் பக்கத் தையல் இழுபட்டு விளிம்பு கோணும். அளவு கையில் இருந்தால் பற்றனிலேயே (வெட்டுவதற்கான மாதிரித் தாளிலேயே) அதற்கு இடம் விட்டுவிடலாம்.

வெளுக்காத பருத்தித் துணியில் மாதிரி தைக்கும்போது, கடையில் கிடைத்த ஏதோ ஒரு துணியில் தைக்காதீர்கள். உங்கள் நெசவுத்துணி பாரமாகத் தொங்குவதானால் மாதிரியும் அப்படித் தொங்க வேண்டும். விறைப்பான துணியில் பொருந்திய கைக்குழி, நெகிழ்வான துணியில் வாய் பிளந்து நிற்கும். துணி போதவில்லையென்றால் பாதி அளவுப் பொம்மையில் செய்து பாருங்கள். துணியை இழைக்குச் சாய்வாக வெட்டும் குறுக்கு வெட்டில் பெயர்பெற்ற பிரெஞ்சு வடிவமைப்பாளர் மடலின் வியோனே, ஒரு சிறிய மரப்பொம்மையில் துணியைச் சுற்றிப் பார்த்துத்தான் தம் உடைகளை உருவாக்கினார்.

கண் அகன்ற துணி தையலைத் தாங்காது. தோளும் கைக்குழியும் நெருக்கமான பகுதியில் விழும்படி வெட்டுங்கள். அகன்ற பகுதியில் தையல் வந்தே ஆகவேண்டிய இடத்தில் அதே நூலில் நெய்த ஒடுக்கமான பட்டியை வைத்து ஓரத்தை மூடுங்கள். நைலோன் வலையைப் பருத்திமேல் தைக்கும் எண்ணத்தை மறுபடி யோசியுங்கள். பருத்திக்கு வைக்கும் இஸ்திரிச் சூட்டில் நைலோன் இளகிச் சுருண்டுவிடும். பருத்திக்குப் பயன்படும் சாயத்தை அது அதேபோல் ஏற்பதில்லை. நைலோனுக்கு அமிலச் சாயம் வேண்டும். வெயிலில் பல காலம் கிடந்த வலையின் இழை கையால் இழுத்தாலே அறும். மீன் எண்ணெயின் வாடையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, நீங்களே ஊர்க்காரி.

இன்னொரு விடயம். ஆறு உடைகளும் ஒரே குரலில் கத்த வேண்டியதில்லை. சிறகிலிருந்து மடிவரையான முழு மாற்றத்தையும் ஓரிரு உடைகளில் மட்டும் காட்டி, மற்றவற்றை அதே பாவில் நெய்த நெருக்கமான துணியிலேயே அமைதியாக வைத்தால், தொகுப்பு தானாகவே ஒன்றாக நிற்கும். ஆறையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். எது மிகை என்பது கண்ணுக்குத் தெரியும்.

உப்புவெளி மாணவி எழுதியது:

அண்ணாவுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. மடியை நோக்கிக் கண் சிறுப்பதை எத்தனையோ தரம் பார்த்திருந்தும் அதைத் துணியாக நினைத்துப் பார்க்கவில்லை. நைலோனைக் கைவிடுகிறேன். பழுப்பையும் சாம்பலையும் செடிச் சாயத்தில் எடுக்க முடியுமா என்பதும், கடல்நீர்க் கேள்வியும்தான் மீதி.

சாயத்தொட்டி எழுதியது:

கடல்நீரில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தில் உப்புக்கு வேலை உண்டு: தண்ணீரில் இருக்கும் சாயத்தை அது நூலை நோக்கித் தள்ளும். ஆனால் சாயத்தை நூலோடு பிணைப்பது சலவைச் சோடாவின் காரம்தான். மேலும், கடல்நீரிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் அந்தத் தொட்டியில் சாயத்தைத் திட்டுத் திட்டாகப் படியவைத்துவிடும். சாயமிட்டு முடித்த துணியைக் கடல்நீரில் ஊறவைப்பதால் நிறம் கூடுதலாக நிலைக்கும் என்பதற்கு அடிப்படை இல்லை.

உங்கள் பழுப்புக்கு வேறிடம் தேட வேண்டாம். நைலோன் வருவதற்கு முன்னர், பருத்தி வலையும் சணல் வலையும் உப்புநீரில் உக்காமல் இருப்பதற்காகப் பனிச்சை மரத்தின் காயை இடித்து ஊறவைத்த சாற்றில் தோய்த்துக் காயவைத்தார்கள். அந்தக் காயில் துவர்ப்புச் சத்து மிகுதி. தோய்த்தவுடன் நிறம் மெல்லியதாகத்தான் இருக்கும். வெயிலும் காற்றும் பட்டுப்பட்டுச் சில நாட்களில் கருக்கும். துணி சற்று விறைக்கவும் செய்யும்; கண் அகன்ற பகுதிக்கு அது நல்லதுதான், உடலோடு ஒட்டும் பகுதிக்கு ஆகாது. அதே துணியை அன்னபேதி (ஓர் இரும்பு உப்பு) கரைத்த நீரில் ஒரு கணம் அமிழ்த்தி எடுத்தால் பழுப்பு சாம்பலாக மாறும். அன்னபேதியை மிகக் குறைவாகவே போடுங்கள். இரும்பு கூடினால் பருத்தி இழை காலப்போக்கில் நைந்துவிடும். கிணற்று நீரில் இரும்பு இருந்தாலும் நீங்கள் கேளாமலே சாம்பல் ஏறும். எனவே எல்லா மாதிரிகளுக்கும் ஒரே நீரையே எடுங்கள்.

கருநீலத்துக்கு அவுரிச் செடியின் சாயம். அதற்குச் சாயத்தைப் பிடிக்கவைக்கும் படிகாரமோ கடுக்காயோ தேவையில்லை. தொட்டியிலிருந்து எடுத்த துணி காற்றுப் பட்டவுடன் கண்முன்னே பச்சையிலிருந்து நீலமாகும். மஞ்சளைத் தவிருங்கள், வெயிலில் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிப்பது அரிது. பனிச்சைக்கு நல்ல வெயில் வேண்டும் என்பதால், தோய்க்கும் வேலை முழுவதையும் தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களிலேயே முடித்து, வெட்டும் வேலையையும் தையலையும் மாரிக்கு ஒதுக்குங்கள்.

பாவுநூல் எழுதியது:

நூலையே சாயமிட்டு நெய்வதா, நெய்தபின் துணியைத் தோய்ப்பதா என்றும் கேட்பீர்கள். பனிச்சையில் தோய்த்த நூல் விறைத்து விழுதில் உரசி அறும். ஆகவே பனிச்சையை நெய்தபின் பாருங்கள். அவுரியில் நூலையே தோய்த்துக்கொள்ளலாம், ஆனால் பாவு ஓட்டுமுன் நீலம் கையில் ஒட்டாத அளவுக்கு அலசிவிடுங்கள். தறிக்காரரிடம் போகும்போது படக் கொப்பியோடு, பொத்திய வலையில் ஒரு முழத் துண்டையும் விலை கொடுத்து வாங்கிக்கொண்டு போங்கள்; அவர் அதைக் கையில் பிடித்துப் பார்த்துத்தான் கண்ணின் அளவைச் சொல்வார்.